அறுபது கிலோ வானம்

முதல் காரை ரம்பத்தால் அறுத்தோம்.
நான்கு கதவு செடான், சாம்பல் நிறம்,
கணக்குப் பிரிவு மேலாளர் மூன்று வருடம் ஓட்டியது.
கூரை தனியே பட்டறைத் தரையில் கிடந்தது.
அதில் ஒருவர் காப்பிக் கோப்பையை வைத்தார்.

தைஸ்தோ கற்சாலையில் ஓட்டித் திரும்பினார்.
“பின்பார்க்கும் கண்ணாடியில் எனக்கு மூன்று மூக்கு” என்றார்.
உடம்பு முழுக்க உதறல்.
திருப்பங்களில் கதவு தானே திறக்கப் பார்த்ததாம்.

எடுத்தது முப்பது கிலோ.
அடியில் வைத்தது தொண்ணூறு:
கதவுக்குக் கீழே இரட்டைக் குழாய்,
பின் இருக்கைக்கு முதுகாக ஒரு குறுக்குச் சட்டம்,
முன்கண்ணாடித் தூண்களுக்குள் ஒளித்த உருக்கு.
வானத்துக்கு எடையில்லை என்று யார் சொன்னது?
என் குறிப்பேட்டில் அறுபது கிலோ.

என் வேலை தண்ணீர்.
மழை அறைக்குள் காரை நிறுத்துவார்கள்,
உள்ளே நான், கையில் டார்ச்,
தலைக்குமேல் மூன்று அடுக்குத் துணி.
ஆறாவது நிமிடத்தில் ஒரு சொட்டு,
எப்போதும் இடது காதுக்குப் பின்னால்.
பதினேழு ரப்பர் பட்டைகள் மாற்றினோம்.
பதினேழு முறையும் அது என் காதைக் கண்டுபிடித்தது.

விற்பனைக் கிறிஸ்டருக்கு வேறு கவலை.
“சிவப்பு விளக்கு இருபது வினாடி.
அதற்குள் திறந்து மடிந்து ஒளிய வேண்டும்.”
எங்களுடையது இருபத்து நான்கு.
மடித்தால் டிக்கியில் ஒரு பெட்டிதான் நுழையும்.
வானமா, இரண்டாவது பெட்டியா,
வாங்குகிறவர் முடிவு செய்யட்டும் என்றார் தைஸ்தோ.
கிறிஸ்டர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
போத்னியா வளைகுடா உறைந்து வெளுத்துக் கிடந்த காலை,
சந்தைச் சதுக்கத்து விளக்கில்
தைஸ்தோ பொத்தானை அழுத்தினார்.
பதினான்காவது வினாடியில் கூரை நின்றது,
கொட்டாவியை நடுவில் மறந்ததுபோல.
பனி விழத் தொடங்கியது.

பச்சை விழுந்தது. நாங்கள் நகரவில்லை;
கூரை அந்த நிலையில் நின்றால் கார் நகராதபடி
பூட்டு வைத்ததும் நாங்களேதான்.
பின்னால் பேருந்து, ஜன்னல் நிறைய முகங்கள்.
இருக்கைச் சூட்டில் முதுகு காய்ச்சலாய்க் கொதிக்க
மடியில் பனி உட்கார்ந்தது, அவசரமில்லாமல்.
பழக்கதோஷம், குறிப்பேட்டைத் திறந்தேன்:
நீர்க்கசிவு — உண்டு.
வழி — மேலே.
அளவு என்ற கட்டத்தில் பேனா உறைந்துபோனது.

பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்தாள்.
பெயர் ரவுனி என்று சட்டையில் இருந்தது.
ஒரு பேச்சில்லை; துணியின் ஒரு முனையை அவள் பிடிக்க
மறுமுனையை தைஸ்தோ பிடித்தார்,
நனைந்த போர்வையைப் பிழிகிறவர்கள் மாதிரி
இழுத்து மூடினார்கள்.

கையுறையைத் தட்டிக்கொண்டு
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
“பின்னால் உட்கார்ந்தால் கால் நீட்டலாமா?”

“முடியாது” என்றேன்.