ஐந்து வரிக்குள்

கல்லூரியிலிருந்து கேட்டிருக்கிறார்கள்:
"உங்க கலைப் பயணம், ஐந்து வரிக்குள், மேடம்.
அழைப்பிதழ்ல போடணும்.
நாளைக்குள்ள வந்தா நல்லதுங்க."

பயணம் என்றால் டிக்கெட்டாவது இருந்திருக்கும்.
நான் ஏறியது
பல்லடத்தில் ஏழேகாலுக்கு வரும் கம்பெனி வேன்.
திருப்பூரில் பீஸ் கணக்கு எழுதும் வேலை:
கட்டிங் எத்தனை, ஓவர்லாக் எத்தனை,
செக்கிங்கில் தள்ளியது எத்தனை.
நோட்டின் கடைசிப் பக்கங்களில்
பூனை, ஓணான், கோபித்துக்கொண்ட ஒரு கோழி.

கணக்கில் தப்பு தேட
மெர்ச்சண்டைசர் ஷைனி நோட்டைப் புரட்டினாள்.
கோழியிடம் நின்றாள்.
"இதைக் கம்ப்யூட்டர்ல போட முடியுமோ?"
முடியும் என்றேன்.
அதுவரை அதில் நான் அடித்தது
சம்பளப் பட்டியல் மட்டும்.
அந்தப் பொய்யை முதல் வரியாகப் போடலாமா?

பிரிண்டிங்கில் மாரப்பண்ணன்
எதையும் சொல்லித்தந்ததில்லை.
நான்கு கலருக்கு மேல் போனால்
ஃபைல் திரும்பி வரும்.
"ஸ்கிரீனுக்கு யாரு காசு தர்றது?"
என் கோடுகள் குறைந்தது அப்படித்தான்.
இன்று அதை என் பாணி என்கிறார்கள்.

மூன்று வருடம்
எங்கோ குளிர் தேசத்துக் குழந்தைகள்
என் முயல்களோடு தூங்கினார்கள்.
அவர்களைப் பற்றி நான் அறிந்தது சைஸ் மட்டும்:
பன்னிரண்டு மாதம், பதினெட்டு, இருபத்து நாலு.

யானை வரைந்த ராத்திரி
மகனுக்குக் காய்ச்சல்.
அவன் என் இடது கையில்,
மவுஸ் வலது கையில்,
சாம்பிள் காலை ஆறு மணிக்கு.
ஏழு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.
ஒருவரும் எண்ணவில்லை.
எண்ணியது பையருடைய மூன்று வயது மகள்.
ஐந்து கால்.

பன்னிரண்டாயிரம் பீஸ்.
முதலாளி திட்டவில்லை.
"நாளைல இருந்து வர வேண்டாங்க" என்றார்,
அந்த 'ங்க'வை மட்டும் விடாமல்.

பிறகு பதினோரு மாதம்
காதுகுத்து அழைப்பிதழ், பேக்கரி டப்பா,
கோழித் தீவனக் கம்பெனிக்கு ஒரு சின்னம்
(மறுபடியும் கோழி).
பாதிப் பணம் தந்தவர்
மீதிக்கு முட்டை அனுப்பினார்.
நல்ல முட்டைதான்.
அதற்கு மேல் அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல
எந்த வரியிலும் இடமில்லை.

காதர்பேட்டையில் யானைகள்
குவியல் விலைக்குப் போய்க்கொண்டிருந்தன.
நொய்யல் பாலத்தில், ஊத்துக்குளி பஸ்ஸில்,
என் தப்பு சட்டை போட்டுக்கொண்டு
எதிரே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில்
ஓர் ஒடியாக் குழந்தை
தன் வயிற்றைக் குனிந்து பார்த்து
விரல் வைத்து எண்ணியது.
அதன் பாஷையில் நாலு வரைக்கும் அமைதி.
ஐந்தாவதில் சிரிப்பு.
மறுபடி முதலிலிருந்து.
என் பஸ் போய்விட்டது.

அடுத்த வாரம் மொத்த வியாபாரி அனீஸ் பேசினார்.
"அந்த யானை போட்டது நீங்கதானுங்களா?
அதே மாதிரி வேணும்.
படத்துக்கு ஒரு தப்பு.
புள்ளைங்க தேடணும்."

தெரியாமல் செய்த தப்புக்கு ஒரு ராத்திரி போதுமாயிருந்தது.
தெரிந்து செய்ய நான்கு மாதம் ஆனது.
மூன்று கண் ஆந்தை பயமுறுத்தியது.
வாலில்லாத குரங்கு பாவமாக இருந்தது.
இரண்டு நிழலுள்ள மாடு
அதுவாக வந்தது,
ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும்போது.

இப்போது மூன்று பேருக்குச் சம்பளம் தருகிறேன்.
இருபத்தெட்டாம் தேதி வயிறு கலங்குகிறது.
எக்ஸ்போர்ட் வேலையையும் விடவில்லை;
வாடகை அங்கிருந்துதான்.

மணி பதினொன்று.
ஐந்து வரி எழுத உட்கார்ந்தவள்
காலையில் போக வேண்டிய ஒட்டகச்சிவிங்கியைத் திறந்து
கால்களை எண்ணுகிறேன்.
நான்கு.
இன்னொரு முறை. நான்குதான்.
நிம்மதி.
கொஞ்சம் ஏமாற்றமும்.