தக்கலை வழி

மூடி திறக்கவில்லை.
கட்டைவிரல் உயரத்தில் ஒரு டப்பா, சிவப்பு மூடி,
மூடியின் அடியில் ஒட்டிய சின்னக் கரண்டி.
இதைத் திறக்க முடியாத கை என்பதால்தான்
எனக்கு இதைத் தந்திருக்கிறார்கள்.

ஜஸ்டஸ் எழுந்து வந்து திறந்து தந்தான்.
மணி மூன்றே கால்.
விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டே
"பால் வெட்ட நான் போறேன், நீ ஒனக்க சோலியப் பாரு" என்றான்.
சிரிக்கவில்லை. அதற்கே அவனை மெச்ச வேண்டும்.

ஆறு மாதமாக இப்படித்தான்.
விடியுமுன் பத்து விரலும்
ஆசிட் விட்ட ரப்பர் பால்போலத்
திரண்டு கிடக்கும்.
இளக்கி எடுக்க ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு.
கத்தி பிடிபடாது. மோதிரம் கழலாது.
எட்டு மணிக்கு, இரவல் வாங்கிப்போன யாரோ
திருப்பித் தந்ததுபோலக் கை வந்துசேரும்.
அந்த நேரம் பார்த்து வருகிறவர்கள்
"ஒனக்கு என்னட்டீ கேடு" என்பார்கள்.

கேடு ரத்தத்தில் எழுதியிருந்தது.
"தொடக்கம்தான்" என்றார் டாக்டரம்மா,
நல்ல சேதி சொல்கிற முகத்தோடு.
நல்ல சேதிதான் என்று புரிய
எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆராய்ச்சிக்காரப் பிள்ளை, பெயர் ஷெர்பின்,
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
சீட்டின் பின்பக்கம் குடலை வரைந்தாள்.
உள்ளே புள்ளிகள் வைத்தாள்,
பேனா தீருமட்டும் வைப்பாள் போலிருந்தது.
"எல்லாருக்கும் உண்டுக்கா. இதுல ஒரு வகை
உங்கள மாதிரி தொடக்கத்துல இருக்கிற சிலபேருக்கு
அளவு மீறிப் பெருகிக் கெடக்கு.
காவல் நிக்கிற அணுக்கள் அதப் பாத்துப் பாத்து
மூட்டுல வந்து, அதே சாயல்னு நெனச்சு..."
"அப்ப அதுதான் காரணமா?"
பேனாவை மூடினாள்.
"அது முதல்ல வந்துதா, நோய் வந்து
அதுக்கு எடம் விட்டுதா, தெரியாது.
அதுக்குத்தான் இது கேக்குறோம்."

தெரியாது என்று ஒருவர் சொல்லி
ஆஸ்பத்திரியில் அன்றுதான் கேட்டேன்.
டப்பாவைக் கைநீட்டி வாங்கினேன்.

ஐந்தே முக்கால் பஸ், நாகர்கோவில், தக்கலை வழி.
மடியில் தெர்மோகோல் பெட்டி.
அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் நான்.
திருவட்டாறில் ஏறியவர் பக்கத்தில் உட்கார்ந்து
பெட்டி கசிவதைப் பார்த்தார்.
"மீனா?"
"ம்."
"என்ன மீனு?"
"சாளை."
மலையிலிருந்து கடற்பக்கம்
மீன் கொண்டுபோகும் பொம்பளையை
வேர்க்கிளம்பி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தார்.

அழகியமண்டபத்தில் கூட்டம் நெருக்கியது.
விரல்களுக்கு இன்னும் நேரமாகவில்லை,
உள்ளங்கைகளால் பெட்டியைத் தாங்கினேன்.
இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டுக்கு
நான் மட்டும் தீர்வை கட்டி வந்திருக்கிறேன்.
நான் தின்ற மரச்சீனியில், மட்டிப்பழத்தில்,
சண்டைபோட்டுத் தின்னாமல் படுத்த ராத்திரிகளில்
இவர்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது.
இவர்களில் யார்மேல் கோபப்பட?

ரப்பரில் ஒரு நூல் ஆழம் கூடினால்
கத்தி தடியில் படும், பட்டை முண்டு கட்டும்.
தடியைத் தொடாமல் வெட்டப் படிக்க
எனக்கு இரண்டு வருஷம் ஆனது.
எனக்குக் காவல் நிற்பவற்றுக்கு
அந்த நூல் கணக்கு யாரும் சொல்லவில்லை.
என்னைத்தான் வெட்டுகின்றன,
இருட்டில், நல்ல எண்ணத்தோடு.

ஆசாரிப்பள்ளத்தில் எட்டேகால்.
ஷெர்பின் கையுறை மாட்டி வாங்கி
டப்பாவில் எண் ஒட்டினாள். பதினேழு.
நோட்டில் கையெழுத்துப் போட்டேன்,
ஒழுங்காகவே விழுந்தது.
முடிவு எப்போது தெரியும் என்றதற்கு
"உங்களுக்கு உதவுற மாதிரின்னா, வருஷங்கள் ஆகும்" என்றாள்.
பிறகு, "பெட்டி வேணுமாக்கா?"

வடசேரியில் கழுவி, புது ஐஸ் போட்டு
அரைக்கிலோ சாளை வாங்கினேன்.
சொன்ன பொய்க்குக் கடன் தீர்க்க வேண்டும் அல்லவா.
திரும்பும் பஸ்ஸில்
யாரும் கேட்கவில்லை.