வெடித்தது எது

உப்புவெளியின் வைகாசி வெக்கைக்கு
லாகர் சம்மதிக்காது.
பாரை மீன் வைத்த ஐஸ் பெட்டியை
மூன்று தரம் தேசிக்காய் போட்டுக் கழுவி
வாளியை அதற்குள் இறக்கினோம், நானும் றெஜியும்.
பிறாக்கிலிருந்து வந்தவள் விட்டுப்போன ஈஸ்ட்
பன்னிரண்டு பாகையில்தான் வேலை செய்யுமாம்.
திருக்கடலூர் ஐஸ்காரன்
எங்களை மீன் முதலாளிகள் என்று நினைத்தான்.

மற்ற வாளியில் ஓரிகன்காரனின் ஹாப்ஸ்.
மூடியைத் திறந்தால் ஜம்போலா, மாங்காய்ப் பால்,
கொஞ்சம் புது டயர்.
"இது கலியாண வீட்டு ஸ்பீக்கர்" என்றான் றெஜி.
"அப்ப அது?"
"விடியப்புறத்துப் பாண் பேக்கரி.
கிட்டப் போனால்தான் தெரியும்."

மூன்று கிழமையாக இதே சண்டை.

நேற்று இரவு ஒன்றரைக்கு
குசினிக்குள் டமார். பிறகு இன்னும் இரண்டு.
யோசிக்க முதல் நிலத்தில் குப்புறக் கிடந்தோம்,
கைகள் தலைக்கு மேல்,
அந்த நாளில் சொல்லித்தந்தபடி வாயைத் திறந்து.
பக்கத்து வீட்டு லைட் அணைந்தது.

நுரை கதவுக்கடியால் ஊர்ந்து வந்து
என் முழங்கையை நனைத்தது.
ஜம்போலா.

"அமெரிக்காதான்" என்றேன், எழும்பாமலே.
"சீனியைக் கூடப் போட்டது நீ" என்றான் றெஜி,
அவனும் எழும்பாமல்,
விரலை நக்கியபடி.