உறைநிலை

காலை ஏழு. நியூ பிளிமத்தில்
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருக்கிறது.
குப்பியைக் கவிழ்த்துப் பார்க்கிறாள் மெரெயானா.
சிந்தவில்லை.
நேற்று மாலை கிணற்றிலிருந்து
ஆவி பறக்க வந்த எண்ணெய்
இரவுக் குளிரில் நெய்போல் உறைந்துவிட்டது.

‘கடல்பாசியில் பிறந்ததெல்லாம் இப்படி அடம்பிடிக்காது’
என்கிறாள், யாரிடமும் அல்ல.
கம்பளிச் சட்டைக்குள், அக்குளில்,
குப்பியைச் செருகிக்கொண்டு
கெட்டில் கொதிக்கக் காத்திருக்கிறாள்.

கிணற்றடியிலிருந்து தீபேனே அழைக்கிறான்.
குழாய் அடைத்துக்கொண்டதாம்.
விடிய விடிய வெந்நீர் ஊற்றினார்களாம்.
‘எண்ணெய்க் கிணறா, மெழுகுவத்திக் கடையா?
என்ன எழவு இது?’
பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுகிறாள்.

என்ன எழவு என்று
அலிஸ்டர் பிரங்கரைக் கேட்டிருக்கலாம்.
நிலக்கரி வாயு தரும், எண்ணெய் தராது என்று
ஓய்வு பெறும் நாள்வரை சாதித்தவர்.
‘கஞ்சன் அது. உள்ளே ஊறினாலும்
தன் நுண்துளைகளிலேயே முடிந்து வைத்துக்கொள்ளும்.’
பாதி சரி.
முடிச்சு கொள்ளாத நாளும் வரும் என்பது
மீதிப் பாதி.

மெருகேற்றிய கரித்துண்டை
நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறாள்.
வெள்ளை விளக்கில் வெறும் சாம்பல்.
விளக்கை மாற்றுகிறாள். நீலம்.
திடீரென மஞ்சள்:
ரம்பப் பல் விளிம்போடு
ஓர் இலையின் தோல்.
அருகே தட்டையாக நசுங்கிய மகரந்தம்,
காயத்துக்கு மரம் கசியவிட்ட பிசினின் துளி.
நான்கு கோடி ஆண்டுகள்.
தண்டு போயிற்று, நரம்பு போயிற்று, பச்சை போயிற்று.
மழை ஒட்டாதிருக்கப் பூசிக்கொண்ட மெழுகை மட்டும்
இலை விடவில்லை.

இது ஆழம் குறைந்த துண்டு.
அடுத்தது இன்னும் கீழே.
மஞ்சள் ஆரஞ்சாகிறது.
அதற்கும் கீழே பழுப்பு.
நான்கரை கிலோமீட்டரில்
எத்தனை முறை விளக்கைத் திருகினாலும் இருட்டு.
பயிற்சிக்கு வந்த பையன்கள்
இந்தத் துண்டைத்தான் ‘ஒன்றுமில்லை’ என்று
குப்பையில் போடுவார்கள்.

ஒன்றுமில்லாததா?
கொடுத்துவிட்டது அது.
மேலே மணற்கல்லில் ஏறி,
களிமண் கூரை தடுத்த இடத்தில் நின்று,
தீபேனேயின் குழாய்க்கு வந்து,
அவனை விடிய விடிய விழிக்கவைத்து,
இப்போது இதோ
இவள் விலாவோரம் கதகதக்கிறது.

வெளியே எடுக்கிறாள்.
ஓரம் இளகி, நடுவில் கட்டி மிதக்கிறது.
இன்னொரு நிமிடம்.
கட்டியும் கரைந்து
குப்பி முழுக்கத் தேன் நிறம்.

குறிப்பேட்டில்: முப்பதுக்கு மேல், முப்பத்தேழுக்குள்.
பிறகு கோடிட்டு அடித்துவிட்டு
வெப்பமானியைத் தேடுகிறாள்.
அக்குள் அளவை அறிக்கையில் ஏறாது.

தேநீர் ஆறிவிட்டது.
தொலைபேசி மறுபடி அடிக்கிறது.
‘குழாயைச் சூடாகவே வைத்திரு’ என்கிறாள்.
‘காடு அது, தீபேனே.
குளிர் தாங்காது.’

மறுமுனையில் மழைச் சத்தம்.
அப்புறம் யாரோ
வெந்நீர் கேட்டுக் கத்துகிறார்கள்.