உப்புவெளியில் நைட்டிங்கேல் இல்லை

நைட்டிங்கேலை நான் கேட்டதில்லை.
ஒன்பதாம் ஆண்டு ஆங்கிலப் புத்தகத்தில்
மங்கிய மைப்படமாய் இருந்தது.
எனக்கு முன் படித்த யாரோ
அதற்குப் பேனையால் மீசை வைத்திருந்தார்கள்.

எங்களுக்குக் கரிச்சான்.
கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாய்
வழக்குக்குப் பிந்திய அப்புக்காத்துப்போல
மின்கம்பியில் வந்து குந்தும்.
விடிய நாலே முக்கால்.
சீனக்குடாப் பக்கம் மாவாலை இரைந்துகொண்டிருக்கும்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
தொண்டையைச் செருமிவிட்டு அடங்கும்.
அதற்காகவே பொறுத்திருந்ததுபோல் தொடங்கும்.

பள்ளிக்கூட விழா நடனத்துக்கு
"காடு கண்விழிக்கிற மாதிரி ஏழு நிமிஷம்" கேட்டிருந்தார்கள்.
பாதிக் காசு முற்பணம்.
வயலினைத் தோளில் வைத்தபடி
மூன்று நாள் ஒன்றும் வரவில்லை.
நாலாம் நாள் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
அதன் பாட்டைப் பிடித்தேன்.
பாதி வேகத்தில் ஓடவிட்டேன், பிறகு கால் வேகத்தில்.
ஒரு சீழ்க்கைக்குள் ஒன்பது படிகள்,
படிக்குப் படி ஈரம்.
நடுவில் ஓர் இடம்:
இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று
விட்டுப்போக மனமில்லாமல்
முன்னும் பின்னுமாய்த் தயங்கி
சட்டென்று கீழே இறங்கும்.
அழுதேன் என்றால் மிகை.
தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்தத் தயக்கத்தின் மேல்தான்
ஏழு நிமிஷத்தையும் கட்டினேன்.

மேடைத் திரைக்குப் பஸ்மிலாவைக் கேட்டோம்.
பறவையை வரை என்றேன்.
கண்ணை மூடி இரண்டு தரம் கேட்டாள்.
வரைந்து தந்தது ஒரு கம்பி மட்டும்,
நடுவில் கொஞ்சம் தொய்ந்து,
இப்போதுதான் யாரோ எழும்பிப் போனதுபோல்.
அதிபருக்குப் பிடிக்கவில்லை.
எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

விழாவில், மண்டபம் மூச்சடக்கியிருந்தபோது
சரியாக அந்த இடத்தில்
முன்வரிசைப் பெடியன் ஒருவன் துள்ளி எழும்பி
தாயின் கைப்பையை இழுத்தான்:
"அம்மா, பாண்!"

சிரித்தார்கள். நான் வில்லை இறக்கவில்லை.
காது மட்டும் சுட்டது.

பாண் ஓட்டோவின் மெட்டு.
தெருத்தெருவாய்த் தகரக் குரலில் தேய்ந்ததை
கரிச்சான் பொறுக்கி, கழுவி,
ஈரம் வைத்திருக்கிறது.
நான் திருடியது
திருட்டுப் பொருள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஓட்டோவை மறித்தேன்.
கண்ணாடிப் பெட்டியைத் திறந்தபடி
யோகச்சந்திரன் சொன்னார்:
"ஸ்பீக்கர் செத்து மூண்டு மாசம், மாஸ்டர்.
திருத்தக் காசில்லை.
எண்டாலும் நான் வர முன்னமே
சனம் படலையில நிக்குது.
எப்பிடித் தெரியுதெண்டு
எனக்கே விளங்கேல்ல."

அண்ணாந்து பார்த்தேன்.
கம்பி மட்டும்,
நடுவில் கொஞ்சம் தொய்ந்து.

அரை றாத்தல் வாங்கினேன்.
சூடு இன்னும் போகவில்லை.