வெட்டுப்பட்டியல்

வூப்பர்டாலில் ரயில் தொங்கிக்கொண்டு போகும்,
ஆற்றுக்கு மேலே, எங்கள் இரண்டாம் மாடி யன்னலுக்கு நேரே.
அது கடந்து போகையில் கண்ணாடி அதிரும்.
நான் வேலையால் வந்து, கோப்பியோடு
முதல்நாள் பதிவான நாடகங்களைத் திறப்பேன்.

பாண் தொழிற்சாலையில் எனக்கு இரவு.
ரஞ்சிதமலருக்குப் பகல், முதியோர் இல்லத்தில்.
பின்னேரம் ஆறு மணிக்குச் சப்பாத்தைக் கழற்றியதும்
அவளுக்கு நாடகம் மட்டும் வேணும்.
"அந்த அரிசிக்காரனை என்ர கண்ணில காட்டாதேங்கோ."
அப்படித்தான் தொடங்கியது.

விளம்பரம் பிடிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன்.
அதற்குத் தமிழ் தெரியாது.
வலது மூலையில் சின்னம் மறைகிறதா,
இடையில் ஒரு கறுப்புச் சட்டகம் வருகிறதா,
சத்தம் திடீரென்று ஏறுகிறதா,
இவ்வளவுதான் அதன் ஞானம்.
நகைக்கடை போகும்.
இருபது கிலோ சம்பா போகும், கார்கோ போகும்,
லண்டன் வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டே போவார்.
ஒரு மணி நேரம் முப்பத்தொன்பது நிமிடமாகும்.
கதவைத் தட்டிய மாமியார்
மறுகணமே கதவுக்கு உள்ளே நிற்பாள்.

ஒருமுறை நாடகத்தில் கரண்ட் போன காட்சியையும் வெட்டிவிட்டது.
அந்த இருட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று
ரஞ்சிதமலருக்கு இன்றைக்கும் தெரியாது.
சிரித்தோம்.

மாசி மாதம், ஆசியன் கடை வாசலில்
முருங்கைக்காய்ப் பையோடு நின்ற தியோகுப்பிள்ளை கேட்டார்:
"எமிலியானுசின்ர செத்தவீட்டில உங்களைக் காணேல்லையே?
டீவியில மூண்டு நாள் போட்டவங்களெல்லே."

எமிலியானுஸ்.
எண்பத்தாறில், அகதி முகாமின் இரட்டைத் தட்டுக் கட்டிலில்
மேலே அவன், கீழே நான்.
அவன் புரண்டால் என் முகத்தில் துரு உதிரும்.
பிறகொரு சீட்டுக்காசு, இருநூறு மார்க்.
மார்க்கே இல்லாமல் போய்விட்டது,
கோபம் மட்டும் யூரோவுக்கு மாறாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்து தேடினேன்.
மூலப்பதிவை அன்றன்றே அழித்துவிடுவேன், இடம் போதாது.
மிஞ்சியது வெட்டுப்பட்டியல்தான்:
21:14 இலிருந்து 24:51 வரை, விளம்பரம்.
மறுநாள் 20:58 இலிருந்து.
அதற்கு மறுநாள் 22:07.
மூன்று நாளுக்கு மூன்று வரி.
மரண அறிவித்தலுக்கும் சின்னம் மறையும்.
அதற்கு முன்னாலும் ஒரு கறுப்புச் சட்டகம் வரும்.

ரஞ்சிதமலர் வந்தாள். சப்பாத்தோடேயே நின்று திரையைப் பார்த்தாள்.
"செவ்வாய்க்கிழமைப் பாகத்தில ஒரு இடம் விக்கினது," என்றாள்,
"நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்ல."

நினைத்த இடத்தில் வெட்ட விடாது இந்தக் கோப்பு.
முழுப்படம் ஒன்று வரும்வரை கத்தி காத்திருக்க வேண்டும்.
சில வேளை அரை நொடி இந்தப் பக்கம் தங்கிவிடும்.

தங்கியிருந்தது.
பன்னிரண்டு சட்டகம். ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
பூவேலை ஓரம். ஒரு மெழுகுதிரி.
"குருந" என்று ஒரு பெண்குரல்,
நகர் வருமுன் அறுந்தது.
கறுப்பிலிருந்து வெளுத்துவந்துகொண்டிருந்தது ஒரு படம்.
நெற்றி வந்துவிட்டது.
மூக்குக்கண்ணாடியின் விளிம்பு மினுங்கியது.
வாய் இன்னும் வரவில்லை.

"ஆரப்பா இது?" என்றாள்.

விரல் தன்பாட்டில் அடுத்ததை அழுத்திவிட்டது.
மாமியார் கதவுக்கு உள்ளே நின்றாள்.