அளவு நோட்டு

ரயில்வே கேட் மூடினால்தான்
என் கடைக்குக் கூட்டம்.
நீடாமங்கலத்தில் யாரும் அவசரமாய்ப் போய்விட முடியாது.
கூட்ஸ் வண்டி நெல் மூட்டையோடு நகரும்வரை
பெண்கள் பையைத் திறந்து
ஜாக்கெட் துணியை மேசையில் போடுவார்கள்.

பேர் தையல்நாயகி.
வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்து வைத்தது.
தொழில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பூவனூர் அமிர்தவல்லி
போன தை மாதம் ஒரு நைட்டியோடு வந்தாள்.
"நீ தைச்சதுதான். இப்ப தரையைக் கூட்டுது.
துவைக்கத் துவைக்கத் துணி நீளுமா?"
பருத்தி சுருங்கும், நீளாது.
எனக்குத் தெரியும்.
ஆனால் கேட் திறந்துவிட்டது, பஸ் ஹாரன் அடித்தது.
இரண்டு விரற்கடை மடித்து அடித்து
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

பங்குனியில்
ரேஷன் அரிசிப் பையைத் தூக்கக் குனிந்தவள்
நிமிரவில்லை.
வழுக்கவில்லை, விழவில்லை, யாரும் இடிக்கவில்லை.
பத்து கிலோ அரிசி.
நாற்றுமுடி சுமந்த முதுகில் ஒரு கண்ணி
நமுத்த அப்பளம்போலச்
சத்தமில்லாமல் அமுங்கிப்போனது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படம் பார்த்த டாக்டரம்மா
எலும்புப்புரை என்றாராம்.
இது இரண்டாவது முறிவாம்.
முதலாவது எப்போது என்று கேட்டதற்கு
அமிர்தவல்லிக்கே தெரியவில்லை.

ராத்திரி பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன்.
அமிர்தவல்லி, தோளிலிருந்து கணுக்கால்: ஐம்பத்து நாலு.
கஜா புயல் வருஷம்: ஐம்பத்து மூணேகால்.
இந்தத் தை: அளக்கவே இல்லை,
மடித்துவிட்டேன்.

வரப்பில் நண்டு வளை போடுவது
இங்கே பிறந்த எவளுக்கும் தெரியும்.
மேலே புல் இருக்கும், ஆள் நடக்கலாம்,
சைக்கிள்கூடப் போகும்.
உள்ளே துளை துளையாய்.
மூணாறு தலைப்பில் தண்ணீர் திறந்து
வாய்க்கால் நிறைந்தும் வயலில் நீர் நிற்காதபோதுதான்
மண்வெட்டியோடு ஓடுவோம்.

முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுத்த விமலாதேவி:
ஜாக்கெட் முதுகுப்புறம் முக்கால் இஞ்ச் கூடியிருக்கிறது,
முன்புறம் குறைந்திருக்கிறது.
மூச்சிரைப்புக்கு வருஷக்கணக்காய் மாத்திரை விழுங்கும்
ஹெட்மிஸ்டிரஸ் கோசலை.
நாலு மாடு கறந்து சொசைட்டிக்கு ஊற்றி
மிச்சத்தைப் பிள்ளைகளுக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டுத்
தனக்குக் கடுங்காப்பி போட்டுக்கொள்ளும் செங்கமலம்.
"வயசானா கூனத்தானே செய்யும்" என்று
மூன்று பேரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.
மூன்று பேருக்கும் தலையாட்டியிருக்கிறேன்,
வாயில் குண்டூசியோடு.

இப்போது நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது.
செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்கச் சொல்கிறேன்.
"ஜாக்கெட்டுக்கு எதுக்குடி உயரம்?"
சிரிக்கிறார்கள்.
தீட்டு நின்று எத்தனை வருஷம் என்று கேட்கும்போதுதான்
நூல்கண்டு போட நாசர் பாய் வந்து நிற்பார்.

படுத்தால் போதும், ஊசி கிடையாது,
மெஷினே எலும்பைப் பார்த்துச் சொல்லிவிடும் என்கிறேன்.
மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்கு என்கிறேன்.
பொடி மீனை முள்ளோடு மெல்லு,
காலையில் கொஞ்சம் வெயிலில் நட,
பாலில் ஒரு டம்ளர் உனக்கும் வை.
போவோம் என்கிறார்கள்.
அறுவடை முடியட்டும், மருமகள் வளைகாப்பு முடியட்டும்.
நேற்றுவரை இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

அமிர்தவல்லி பெல்ட் கட்டிக்கொண்டு வந்தாள்.
அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை.
அதே நைட்டியை நீட்டினாள்.
"இன்னும் கொஞ்சம் மடி."

அவள் போன பிறகு, கேட் மூடிக் கிடந்த மத்தியானம்,
வேலை பழகும் நஸ்ரினிடம் டேப்பைக் கொடுத்தேன்.
முப்பது வருஷம் ஊரை அளந்த நோட்டுகளில்
என் பேர் எங்கும் இல்லை.
வயது ஐம்பத்து மூணு. தீட்டு நின்று ஆறு வருஷம்.
சுவரோடு நின்றேன்.
முதுகு தொட்டது.
பின்னந்தலை தொடவில்லை.

"நேரா நில்லுங்கக்கா."

"நேராத்தான்டி நிக்கிறேன்."